ஒரு சொட்டுக்குள் ஆடித்தபசு

முள்ளிக்குளம்,
12.6.2004

மாமாவுக்கு,

அபிராமி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதினால் பாசாங்காக இருக்கும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் போன் செய்ததாக ராக்கையா சித்தப்பா கடையிலிருந்து ஆள் வந்தது. வேண்டுமென்றேதான் நான் போகவில்லை. அந்தக் கடையில் நான் போனை எடுத்தால், சீனி வாங்க வந்தவர்கள் சீனியை மறந்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாம் பேச வேண்டியதை அங்கே நின்று பேச முடியுமா? இனி எதுவானாலும் கவரில் வைத்து ஒட்டி அனுப்புங்கள். நன்றாக ஒட்டுங்கள். தபால்காரர் நமக்குத் தூரத்துச் சொந்தம்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதற்கு அத்தை காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். "அஞ்சு வருசமாச்சு, இனி வேற பொண்ணு பாக்க வேண்டியதுதான்" என்று அத்தை சொன்னது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அத்தை அப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் அதைச் சொன்னபோது நீங்கள் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கடைசிப் பட்டன் வரைக்கும் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டீர்கள். அதற்குத்தான் வந்தேன்.

எனக்கு எடுக்காத சோதனை ஏதாவது பாக்கி இருக்கிறதா மாமா? ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு வலியில் உயிர் போய் வந்தது. நீங்கள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே கடலை தின்றுகொண்டிருந்தீர்கள். கடைசியில் அந்த டாக்டரம்மா என்ன சொன்னார்கள்? "உங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. அடுத்த தடவ அவரக் கூட்டிட்டு வாங்க. பாதி வேலை அவரோடதுங்க" என்றார்கள். அதை வீட்டில் வந்து சொன்னதற்கு நீங்கள், "எங்க வம்சத்துல அப்படி எவனுக்கும் கெடையாது" என்றீர்கள். சோதனை வம்சத்துக்கா, உங்களுக்கா?

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமலே போயிற்று. ஒரு நாள் ஸ்கேன் எடுக்கும்போது டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பி, "இதோ பாருங்க, முட்டை நல்லா வளந்திருக்கு" என்று காட்டினார்கள். மழை இருட்டுக்குள் ஒரு சின்ன வட்டம். அவ்வளவுதான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாதாமாதம் எனக்குள்ளே இப்படி ஒன்று வளர்கிறது, நான் பாட்டுக்குக் கம்பெனியில் நின்று பனியனில் ஓட்டை பார்த்துக்கொண்டிருக்கிறேன்! இதைக் காட்ட வேண்டும் என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.

நீங்கள் போய்ச் சோதனை கொடுங்கள். கொடுத்துவிட்டு எழுதுங்கள். அதுவரை நான் வர மாட்டேன். வரச் சொல்லி அண்ணன் பாண்டித்துரையைத் தூது விடவும் வேண்டாம். அவன் உங்கள் பக்கம்.

அபிராமி

~

மண்ணரை, திருப்பூர்,
25.6.2004

அன்பு அபிராமிக்கு,

உன் கடிதம் வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன். அதற்குப் பிறகு போனேன். ஆமாம், போய்விட்டு வந்துவிட்டேன். நீ சந்தோஷப்படு.

மண்ணரையில் கொடுத்தால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று நல்லூர்ப் பக்கம் ஒரு லேபுக்குப் போனேன். அங்கே போனால் உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு சின்னப் பெண். மோனிஷா என்று பெயர். எனக்கு வாயே வரவில்லை. சர்க்கரை டெஸ்டா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஊசியை எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் டாக்டர் சீட்டை நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை அபிராமி. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்து, "இங்கயே ரூம் இருக்குங்ணா. இல்ல, ஊட்டுல இருந்து கொண்டாறதுன்னா எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள வந்தறோணும். சூடு ஆறாம உடம்போட ஒட்டி வச்சுக் கொண்டாங்க. அதுக்கு முந்தி சில நாள் சேந்திருக்கக் கூடாதுங்" என்றாள். கடைசியில் சொன்னதற்கு, அதற்கெல்லாம் வழியே இல்லை, மனைவி ஊரில் இருக்கிறாள் என்றேன்.

லேபில் இருந்த அறைக்குள் போய் நின்றேன். கதவுக்கு வெளியே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. முடியவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

நம் லைன் வீட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவை ரேஷன் கடைக்கு அனுப்பிவிட்டுப் பொதுக் குளியலறைக்குள் போனால், பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அக்கா கதவைத் தட்டுகிறார்கள். "ராசபாண்டி, உள்ள என்னய்யா பண்ணுத? தண்ணி நின்னுரும், சீக்கிரம் வாய்யா" என்று ஒரே சத்தம். அந்த நேரத்தில் எனக்கு வந்த வேர்வை, கம்பெனியில் ஸ்டீம் டேபிள் பக்கத்தில் நின்றால்கூட வராது. எப்படியோ முடிந்தது. இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்ய வேண்டும். அந்தப் பாட்டில் எங்கே கிடந்ததோ, யார் கை பட்டதோ! அதனால் நம் செக்‌ஷனில் பனியனில் ஆயில் கறை எடுக்கிற மருந்து வீட்டில் கொஞ்சம் இருந்ததல்லவா, அதை ஊற்றி முதல் நாளே நன்றாகக் குலுக்கிக் கழுவி, வேஸ்ட் துணியால் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன். எடுத்ததும் பனியனுக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். வழியில் தெரிந்தவர் ஒருவர் நிறுத்தி, வயிற்று வலியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன். நீ அந்த ஸ்கேன் விஷயத்தை எழுதியிருந்தாயே, அந்த வட்டம். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ராஜபாண்டி

~

மண்ணரை,
29.6.2004

அபிராமிக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. இங்கிலீஷில் இருந்தது. மருந்துக் கடையில் இருந்த படித்த ஆளிடம் காட்டினேன். மெதுவாகப் படித்தார். "எண்ணிக்கை இருக்குதுங்க. ஆனா ஒண்ணுகூட அசையலைன்னு போட்டிருக்குங்க. அத்தனையும் செத்துப்போச்சுன்னு அர்த்தமுங்க" என்றார். டாக்டரைப் பார்க்கச் சொன்னார். நான் போகவில்லை. போய் என்ன செய்ய? செத்துப்போனதற்கு மருந்து உண்டா?

கம்பெனிக்கும் போகவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். குறை என்னிடம்தான், அபிராமியிடம் ஒன்றும் இல்லை, இத்தனை வருஷமும் நீ திட்டினதெல்லாம் எனக்குச் சேர வேண்டியது என்று சொன்னேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். மூக்கம்மாள் அக்கா எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். லைன் வீட்டில் எல்லோருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியட்டும். மலடி என்று உன்னை எவரும் இனிமேல் சொல்லக் கூடாது.

நீ குழந்தை என்றால் எப்படி உயிரை விடுவாய் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் யார் குழந்தையானாலும் மடியில் வாங்கிக்கொள்வாய். உனக்கு வயசு இருக்கிறது. உன் அண்ணனிடம் சொல்லி வேறு ஏற்பாடு செய்துகொள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

ராஜபாண்டி

~

முள்ளிக்குளம்,
5.7.2004

மாமா,

உங்களுக்கு மூளை இருக்கிறதா?

முதலில் அதைக் கேட்டுவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து, என்ன எழுதியிருக்கார் என்று கேட்டாள். ரேஷன் கார்டைக் கேட்கிறார் என்றேன். ரேஷன் கார்டுக்கா இந்த அழுகை என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அழுது முடித்துவிட்டு, இதற்கு முந்தின கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தேன். எதற்கு என்றால், சைக்கிளில் வயிற்று வலிக்காரர் மாதிரி நீங்கள் போன பாட்டைப் படித்துக் கொஞ்சம் சிரிக்கலாம் என்று. அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. பாட்டிலை எதில் கழுவினீர்கள்? கறை எடுக்கிற மருந்தில்!

நாம் செக்கிங் டேபிளில் எதிரும் புதிருமாக வேலை பார்த்த காலத்தில், உங்கள் கையிலிருந்த ஸ்ப்ரே கன்னிலிருந்து அந்த மருந்து ஒரு சொட்டுக் கீழே சிந்தியது ஞாபகம் இருக்கிறதா? எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த இடத்தில் இருந்ததெல்லாம் கால் மடக்காமல் அப்படியே கிடந்தது. "பாவம்லா" என்று நான் சொன்னேன். நீங்கள் என்னிடம் முதன்முதலாகப் பேசியதே அன்றைக்குத்தான். எறும்பே தாங்காத மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத உயிர் தாங்குமா? உலகத்தில் வேறு எந்த ஆம்பிளையும் அந்தப் பாட்டிலைக் கறை மருந்தில் கழுவியிருக்க மாட்டான். எனக்கு வாய்த்தவர் நீங்கள்தான் கழுவுவீர்கள்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். உண்மையிலேயே குறை இருந்தாலும் இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும். மருந்துக் கடைக்காரர் சொல்லி, நீங்கள் கேட்டு, என்னை வேறு ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டீர்களே! உங்களை யார் கேட்டது? நான் கேட்டேனா? ஒரு கடிதத்தில் என்னை விட்டுக்கொடுக்க, நான் என்ன கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியனா?

மறுபடி போங்கள். பாட்டில் எப்படித் தருகிறார்களோ அப்படியே திறந்து, அப்படியே மூடிக் கொடுங்கள். தண்ணீர்கூடப் படக் கூடாது. அந்தப் பெண்ணிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

அத்தையிடம் நீங்கள் சொன்னதை நினைத்தால், எழுத வரவில்லை மாமா. ஐந்து வருஷம் போடாத சத்தத்தை ஒரே நாளில் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒன்றுக்காக இந்தக் கடிதத்தில் உங்களைப் பாதிதான் திட்டியிருக்கிறேன்.

அபிராமி

~

மண்ணரை,
24.7.2004

என் அபிராமிக்கு,

இதை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நல்ல சேதிதான், பயப்படாதே.

நீ சொன்னபடியே போனேன். மோனிஷாவிடம் நடந்ததைச் சொன்னேன். "எதுலீங்ணா கழுவுனீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, அதுல கழுவுனா எதுங்ணா பொழைக்கும்? வெறும் தண்ணி பட்டாலே ஆகாதுங்ணா. அந்த டாக்டரக் கேட்டிருந்தா அன்னைக்கே மறுக்காக் குடுக்கச் சொல்லியிருப்பாருங்" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை கொஞ்சம் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதனாலோ என்னவோ லேப் அறையிலேயே முடிந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தவள் ஒன்றும் சொல்லாமல், "வாங்ணா, நீங்களே வந்து பாருங்" என்றாள்.

கண்ணை வைத்தேன். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. அப்புறம் வெறும் வெளிச்சம். அவள் எதையோ திருகினாள். அபிராமி! நான் என்னவென்று சொல்வேன்? கூட்டம்! நம்ம ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் தெருவெல்லாம் நிற்குமே, அந்த மாதிரிக் கூட்டம். சின்னத் தலை, நூல் பிசிறு மாதிரி வால். வாலை ஆட்டி ஆட்டி ஓடுகிறார்கள். ஒன்று நேராகப் போகிறது. ஒன்று போகிற போக்கில் இன்னொன்றை இடித்துவிட்டுப் போகிறது. ஒன்று போன இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. சிலது அசையாமல் கிடக்கிறது. ஒன்றின் வால் ஏதோ தூசியில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொள்ள அது பட்ட பாட்டைப் பார்த்து, நான் என்னை அறியாமல் விரலை நீட்டிவிட்டேன். "தொடக் கூடாதுங்ணா!" என்றாள் மோனிஷா.

இது எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு சொட்டுல கொஞ்சூண்டுதானுங்" என்றாள்.

நான் யார் அபிராமி? கறை எடுக்கிறவன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு துணியில் என்ன தப்பு இருக்கிறது என்று தேடுவதே என் பிழைப்பு. இந்தக் கண்ணுக்கு இப்படி ஒன்றைப் பார்க்கிற பாக்கியம் எப்படிக் கிடைத்தது? நான் டீ குடித்தபோதும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனபோதும், உன்னோடு சண்டை போட்டபோதும் இவர்கள் எனக்குள்ளே தயாராகிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பவர் கட் இல்லை, லீவு இல்லை. நான் என்னைச் செத்துப்போனவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நாளில்கூட இவர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. லென்ஸ் நனைந்துவிடும் என்று மோனிஷா துணி எடுத்துக் கொடுத்தாள்.

அந்த ஸ்கேன் அறையில் நீ திரும்பிப் பார்த்தபோது நான் வெளியே நின்றிருந்தேன். இன்றைக்கு நானும் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் நீ என்ன எழுதியிருந்தாய் என்று புரிந்தது.

இப்போது டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எண்ணிக்கை கொஞ்சம் குறைவுதானாம். ஓடுகிறவர்களும் பாதிக்குச் சற்றுக் கீழேதானாம். ஆனால் இதை வைத்துக் குழந்தை பிறக்காது என்று சொல்ல முடியாது, வாய்ப்பு இருக்கிறது என்றார். மருந்து ஆவியும் ஸ்டீம் சூடும் ஒருவேளை காரணமாக இருக்கலாம், வேறு வேலைக்கு மாறிப் பாருங்கள் என்றார். ஒவ்வொன்றும் உள்ளே உருவாகி முடிய இரண்டரை மாதத்துக்குப் பக்கமாக ஆகுமாம். அதனால் மூன்று மாதம் பொறுத்து இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். உறுதியாக நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் உனக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

சூப்பர்வைசர் கந்தவேல் அண்ணனிடம் பேக்கிங்குக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன். "ஏனப்பா, மருந்து வாசம் ஒத்துக்கலையா?" என்றார். ஆமாங்க என்றேன். திங்கட்கிழமையிலிருந்து அட்டைப்பெட்டிதான் எனக்கு.

அம்மா நேற்றே உடுமலையில் சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாள். நான் அன்று சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பாட்டில் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. ஆசை காட்டிவிட்டுக் கடைசியில் ஒன்றும் இல்லையென்றால் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வந்ததும் சொல்ல வேண்டும்.

நீ வா என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. போன மாதம் உன்னை வேறு ஒருவனுக்குக் கொடுக்கத் துணிந்தவன் நான். அதனால் கேட்கிறேன். வருகிறாயா?

ராஜபாண்டி

~

முள்ளிக்குளம்,
28.7.2004

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை உடுமலைக்குப் போகவில்லை. இங்கே இருக்கிறார்கள்.

நீங்கள் பதறுவீர்கள் என்றுதான் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் தண்ணீர்க் குடத்தோடு வருகிறேன், வாசலில் அத்தை நிற்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி என்று கேட்டுக் கேட்டு ஏறி, தனியாக வந்திருக்கிறார்கள். சேலையெல்லாம் தூசி. உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எம் மவன விட்டுராத தாயி" என்றார்கள். "கொறை அவங்கிட்டதான்னு அவனே சொல்லிட்டான். வேற பொண்ணு பாக்கணும்னு சொன்னவ நான். இப்ப நீ வேற மாப்பிள்ள பாத்துட்டுப் போனா, நான் எந்த மூஞ்சிய வச்சு வேண்டாம்னு சொல்லுவேன்? பிள்ள இல்லாட்டாப் போகுது. நீ இல்லாம அவன் சோத்தப் பெசஞ்சுட்டு அப்படியே எந்திரிச்சுருதான்ட்டி."

எனக்குக் குடம் இடுப்பிலேயே நின்றுவிட்டது. பாட்டில் விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அது உறுதியாகாத சமாசாரம் என்பது ஒரு காரணம். ஐந்து வருஷமாகக் கேட்ட ஏச்சுக்குப் பதிலாக அந்தப் பேச்சை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாமே என்று தோன்றியதும் நிஜம். அப்புறம் அவர்கள் அழ ஆரம்பித்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. "வாரேன் அத்தை, நான் எங்க போயிருவேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே பையையும் எடுத்து வைத்துவிட்டேன். அத்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்ததால்தான் கிளம்பவில்லை. இப்போது தேவலை. அம்மாவும் அத்தையும் சேர்ந்து என்னைக் குறை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. அதாவது பையைக் கட்டி ஐந்து நாள் கழித்து. இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் மாமா. சொட்டுக்குள் அவர்கள் ஓடுகிறார்கள் என்பதற்காக நான் வரவில்லை. ஒருவரும் அசையவில்லை என்று மறுபடியும் எழுதியிருந்தாலும் இந்தப் பை கட்டினபடியேதான் இருந்திருக்கும்.

கடிதத்தை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்த்தான் படித்தேன். இப்போது அதுதான் என் வாசகசாலை. தூசியில் வால் மாட்டிக்கொண்டதை விடுவிக்க விரலை நீட்டினேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எழுத்துத் தெரியவில்லை. அத்தனை கூட்டத்துக்குள்ளே மாட்டிக்கொண்ட அந்த ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். மூன்று மாதம் கழித்து என்ன சொன்னாலும் சொல்லட்டும். ஓர் அப்பாவின் விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கொட்டகையிலேயே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அப்பாவிடம் அப்படி ஒரு கூட்டம் ஓடியிருக்கும். அதில் ஒன்றுதான் நீங்கள். எங்கள் அப்பாவிடம் ஓடியதில் ஒன்று நான். பக்கத்தில் ஓடியது முந்தியிருந்தால் நீங்களும் இல்லை, நானும் இல்லை, வேறு யாரோ இரண்டு பேர். இத்தனையும் தப்பித்து வந்து ஒரே கம்பெனியில் எதிரெதிராக நின்றிருக்கிறோம். இப்படி யோசித்தால் தலை சுற்றுகிறது. ஆனாலும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அந்த மைக்ராஸ்கோப்பை எனக்கும் ஒரு தடவை காட்டச் சொல்லி மோனிஷாவிடம் கேட்டு வையுங்கள்.

வியாழக்கிழமை காலை நானும் அத்தையும் கிளம்புகிறோம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். இந்தக் கடிதம் எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தாலும் சேரும். அதனால் ராக்கையா சித்தப்பா கடையிலிருந்து கம்பெனிக்குப் போன் பண்ணி, வருகிறோம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு அத்தை பயந்துபோனார்கள். "என்னட்டி எழுதிருக்கான்?" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலைக் கழுவியது, மறுபடி கொடுத்தது, நீங்கள் கண்ணை வைத்துப் பார்த்தது, டாக்டர் நிச்சயம் சொல்லாதது எல்லாமே. அத்தை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உசுரோட ஓடுதாமா?"

"ஓடுதாம் அத்தை."

"எத்தன இருக்குமாம்?"

"எண்ணிக்கை கம்மின்னுதான் டாக்டர் சொல்லுதாரு. ஆனாலும் நம்மளால எண்ணி முடியாதாம்."

அத்தை கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பிச் சொன்னார்கள்: "நமக்கு ஒண்ணு போதும்ட்டி."

உங்கள்,
அபிராமி